இனிப்பு மட்டுமா சர்க்கரை?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றியே இருந்தன. கேக் அமுங்கிவிட்டது, ஃபட்ஜ் மணல் மாதிரி ஆகிவிட்டது, மிட்டாய் பிசுபிசுக்கிறது என்று ஆளுக்கொரு குறை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 26 வருடமாக வீட்டு ஓவனிலும் அடுப்பிலும் இந்தப் பொருளோடு பழகுகிறேன். கடைசி 12 வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கீழே உள்ள பதில்களில் சர்க்கரை வரும் இடமெல்லாம் தண்ணீரும் கூடவே வரும். நான் பார்த்தவரை, சமையலறையில் சர்க்கரை செய்யும் நல்லதும் கெட்டதும் முக்கால்வாசி அது தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

கேள்வி: அக்கா, வீட்டில் எல்லோரும் இனிப்பைக் குறைக்கிறோம் என்று வெண்ணெய் கேக்கில் சர்க்கரையைப் பாதியாக்கினேன். மற்ற எதையும் மாற்றவில்லை. கேக் எழும்பவே இல்லை. மேல்தோல் வெளிறி, உள்ளே கெட்டியாக, ரொட்டி மாதிரி இருந்தது. மறுநாள் காய்ந்தும் போய்விட்டது. இனிப்பு குறைந்தால் இனிப்புதானே குறைய வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய நான்கு குறைகளும் சர்க்கரை செய்துகொண்டிருந்த நான்கு வேலைகள். பாதிச் சர்க்கரையை எடுத்ததும் அந்த வேலைகளும் பாதியில் நின்றுவிட்டன.

முதலில் எழும்புவது. வெண்ணெயில் சர்க்கரையைப் போட்டு அடிக்கும்போது ஒவ்வொரு பரலும் தன் கூரிய விளிம்பால் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகிறது. கீறின இடத்தில் காற்று சின்னச் சின்னக் குமிழியாக மாட்டிக்கொள்கிறது. மஞ்சளாக இருந்த வெண்ணெய் ஐந்தாறு நிமிடத்தில் வெளுத்து, பஞ்சு மாதிரி உப்பி வருவது இதனால்தான். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள குமிழிகளை ஊதிப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை. பரல் குறைந்தால் குமிழி குறையும். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது.

அடுத்தது மென்மை. மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரைக் குடித்துத்தான் இழுவைப் பசையாக, அதாவது குளூட்டனாக மாறுகிறது. சர்க்கரை அந்தத் தண்ணீருக்குப் போட்டிக்கு வரும். சர்க்கரை எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் புரதத்துக்குக் கிடைக்கும், பசையும் அளவோடு நிற்கும். அதோடு, கேக் இறுகும் நேரத்தையும் சர்க்கரை தள்ளிப்போடுகிறது. வெறும் தண்ணீரில் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரி வாக்கிலேயே உப்பத் தொடங்கிவிடும். சர்க்கரை நிறைந்த கேக் மாவில் அதற்கு 80 டிகிரியைத் தாண்ட வேண்டும். முட்டைப் புரதம் இறுகுவதும் இப்படியே தள்ளிப்போகும். அந்த இடைவெளியில்தான் குமிழிகள் விரிந்து கேக் மேலே வருகிறது. உங்கள் கேக் எழும்புவதற்கு முன்பே இறுகிவிட்டது.

நிறமும் ஈரமும் மற்ற இரண்டு. சுட்ட பிறகும் சர்க்கரை தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நல்ல கேக் மூன்று நாள் ஆனாலும் காய்வதில்லை.

என் வகுப்பில் இதை வாயால் சொல்வதோடு விடுவதில்லை. ஒரே மாவை மூன்று சின்ன டின்களுக்குச் செய்வோம்: முழுச் சர்க்கரை ஒன்று, முக்கால் ஒன்று, பாதி ஒன்று. போன முறை ஸ்கேல் வைத்து அளந்தபோது முழுச் சர்க்கரைக் கேக் 6 செ.மீ. உயரம், முக்கால் அளவு ஐந்தரை, பாதி அளவு நாலரைகூட வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்ட மாணவிகள் முதல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மூன்றாவதை எல்லோரும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கால் பங்கு வரை தாராளமாகக் குறையுங்கள். அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால் கேக்கில் கை வைக்காதீர்கள், துண்டைச் சின்னதாக வெட்டுங்கள். மேலே பூசும் ஐசிங்கை விட்டுவிட்டாலே பெரிய அளவு சர்க்கரை போய்விடும்.

கேள்வி: அம்மா, பால் ஃபட்ஜ் மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். மூன்று முறையும் வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துச் சரியாக 114 டிகிரியில்தான் இறக்கினேன். வேறு எங்கே தப்பு?

பதில்: சூடு சரியாகத்தான் இருந்திருக்கிறது. இறக்கிய பிறகு நீங்கள் செய்ததில்தான் தப்பு இருக்கும். அடுப்பை அணைத்ததுமே கிளறத் தொடங்கினீர்களா? கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தையெல்லாம் வழித்துத் தட்டில் சேர்த்தீர்களா? இந்த இரண்டையும் நானும் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். ஓரத்தில் ஒட்டியதை வீணாக்கக் கூடாது என்று வழித்து, அந்த ஒரு ஸ்பூனால் முழுத் தட்டையும் கெடுத்திருக்கிறேன்.

அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரைதான் கரையும். கொதிக்கும்போது அதே தண்ணீர் 480 கிராமுக்கு மேல் வாங்கிக்கொள்ளும். பாகை ஆறவிட்டால், தண்ணீர் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகமான சர்க்கரை அதில் கரைந்தபடியே நிற்கிறது. அது எப்போது வேண்டுமானாலும் பரலாக மாறக் காத்திருக்கும் நிலை. ஒரே ஒரு பரல் உள்ளே விழுந்தால் போதும், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது அப்படிப்பட்ட பரல்கள்தான்.

சூடாக இருக்கும்போதே கிளறினால் பரல்கள் குறைவாக உண்டாகி, ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். அதுதான் நாக்கில் மணலாகத் தெரிகிறது. 45 டிகிரி வாக்கில் ஆறிய பிறகு கிளறினால் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான பரல்கள் உண்டாகும். சர்க்கரை அத்தனைக்கும் பங்காவதால் எதுவும் பெரிதாக முடியாது. அவ்வளவு பொடிப் பரலை நாக்கு பிரித்து அறியாது, வழவழப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இப்படிச் செய்யுங்கள். சர்க்கரை முழுதும் கரையும் வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைத்தால், ஆவி தண்ணீராகி ஓரத்தில் வழிந்து அங்குள்ள பரல்களைக் கழுவிவிடும். பால் பொங்காமல் பக்கத்திலேயே நில்லுங்கள். 114 டிகிரி வந்ததும் இறக்கி, அப்படியே தொடாமல் விடுங்கள். பாத்திரத்தை ஆட்டக்கூட வேண்டாம். அடிப்பாகத்தில் கை வைத்தால் இளஞ்சூடாகத் தெரியும்போது மரக்கரண்டியை எடுங்கள். முதல் சில நிமிடம் கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக, கரண்டியில் தாராக இழுக்கும். கை வலிக்கத் தொடங்கும் நேரத்தில் மினுமினுப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வரும், நிறம் ஒரு சாயல் வெளுக்கும், கரண்டி விட்ட தடம் மூடாமல் நிற்கும். அந்த இடத்தில் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். ஓரத்தில் ஒட்டியதை வழிக்காதீர்கள். அது குழந்தைகளுக்கு.

ஒரு ஸ்பூன் திரவ குளுக்கோஸோ கார்ன் சிரப்போ சேர்த்தால் இன்னும் பாதுகாப்பு. பாலில்லாத பாகு என்றால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். சாதாரணச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த ஜோடிகளில் கொஞ்சம் பிரியும். பிரிந்தவை நடுவில் நின்றுகொள்வதால் மற்றவை ஒழுங்காக அடுக்கிப் பரலாக முடியாது. இரண்டு முழு ஸ்பூன் பிழிந்துவிடாதீர்கள், அப்புறம் எத்தனை கிளறினாலும் இறுகாது.

கேள்வி: தெர்மாமீட்டர் இல்லாமல் பாகுப் பதம் பார்க்க முடியாதா? அதை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முடியும். தெர்மாமீட்டர் இருந்தாலும் கூடவே கையாலும் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையின் விகிதம் ஏறுகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. ஆகவே தெர்மாமீட்டர் காட்டும் எண், பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதற்கான கணக்கு. 110 டிகிரி வாக்கில் இரண்டு விரலுக்கு நடுவே கம்பியாக இழுபடும். 112 முதல் 116 வரை, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் திரட்ட வரும், ஆனால் வெளியே எடுத்ததும் விரலில் தட்டையாகிவிடும். இது மென் உருண்டைப் பதம், ஃபட்ஜுக்கு உரியது. இந்த இடத்தில் பாகில் 85 சதவீதம் சர்க்கரை. 120 டிகிரிக்கு வந்தால் உருண்டை தன் வடிவத்தில் நிற்கும், அழுத்தினால் அமுங்கும். மென்மையான கேரமல் மிட்டாய் இங்கே. 130ஐ நெருங்கும்போது உருண்டை கெட்டியாகி, தட்டினால் சத்தம் வரும். 132 முதல் 143 வரை தண்ணீரில் விழுந்த பாகு இழையாக நீளும், வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு உடையும். 146ஐத் தாண்டினால் கண்ணாடி மாதிரி பட்டென்று முறியும். லாலிபாப் அதுதான். தண்ணீர் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது.

சொட்டு விட்டுப் பார்க்கும்போது அடுப்பைத் தணித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கிற அரை நிமிடத்தில் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

தெர்மாமீட்டர் வாங்கினால் முதல் வேலையாக அதைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நான் ஒன்று வைத்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க என் ஃபட்ஜ் இறுகாமல் தட்டில் ஓடியது. பாலைக் குறை சொன்னேன், சர்க்கரையை மாற்றினேன், மழையைக்கூடக் காரணம் சொன்னேன். கடைசியில் ஒருநாள் கொதிக்கும் வெந்நீரில் போட்டால் 104 காட்டுகிறது! 116 என்று நம்பி நான் இறக்கியதெல்லாம் உண்மையில் 112. இப்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், செய்முறையில் உள்ள எண்ணோடு 4 கூட்டிக்கொண்டு.

உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். செய்முறையில் உள்ள சூட்டிலிருந்தும் அதே அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பிரவுன் சுகர் பாக்கெட் கல்லாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். பரல்களின் மேல் பூசியிருந்த மொலாசஸ், அதாவது கரும்பாகின் ஈரம் உலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு துண்டு பிரெட்டையும் உள்ளே வைத்து மூடுங்கள். மறுநாள் சர்க்கரை உதிரும், பிரெட் கல்லாகியிருக்கும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் பிரவுன் சுகரோ தேனோ சேர்த்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, கேக்கில் அப்படியே மாற்றலாமா?

பதில்: இரண்டு கேள்வி ஒன்றாக வந்திருக்கிறது. உடம்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கடைகளில் கிடைக்கும் பிரவுன் சுகர் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையோடு சில சதவீதம் மொலாசஸ் சேர்ந்ததுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையோடு தேனையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஒருநாள் எடுக்கும் மொத்த ஆற்றலில் அது 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்பது அதன் அறிவுரை. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதம் என்பது 50 கிராம். ‘இது தேன் கேக்தானே’ என்று இரண்டு துண்டு கூடுதலாகக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சமையலில் வித்தியாசம் நிறையவே உண்டு. பிரவுன் சுகர் ஈரத்தை அதிகமாகப் பிடிக்கும், கொஞ்சம் புளிப்புத் தன்மையும் இருப்பதால் பேக்கிங் சோடாவோடு வேலை செய்யும். குக்கீ நடுவில் மெதுமெதுவென்று வேண்டுமா, பிரவுன் சுகர். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வேண்டுமா, வெள்ளை. நான் பாதிக்குப் பாதி கலப்பேன். தேன் கதை வேறு. அதில் 17, 18 சதவீதம் தண்ணீரே இருக்கிறது. வெண்ணெயைக் கீறிக் காற்றைப் பிடிக்க அதில் பரலும் கிடையாது. அதனால் வெண்ணெய் கேக்கில் முழுதாக மாற்றாதீர்கள். மசாலா கேக் மாதிரி அடர்த்தியானவற்றில் மாற்றலாம். அப்போது பால் அளவைக் கொஞ்சம் குறைத்து, ஓவன் சூட்டையும் 15 டிகிரி குறையுங்கள். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிந்தே இருப்பதால் அது சீக்கிரம் சிவந்துவிடும்.

கேள்வி: ஈஸ்ட் போட்டுச் செய்யும் இனிப்பு பன் எழும்ப மணிக்கணக்காகிறது. ஈஸ்ட் பழசா?

பதில்: பழசாகவும் இருக்கலாம். ஆனால் 500 கிராம் மாவுக்கு 50 கிராமுக்கு மேல் சர்க்கரை போட்டால் புது ஈஸ்ட்டும் மந்தமாகும். கொஞ்சமாக இருந்தால் சர்க்கரை அதற்குத் தீனி. அதிகமானால் ஈஸ்ட்டின் உடம்பிலிருக்கும் தண்ணீரையே உறிஞ்சத் தொடங்கும். ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, பொறுமையாக இருங்கள்.

கேள்வி: நான் செய்யும் பழச்சுவை மிட்டாய் ஆறியதும் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கிறது. இரண்டே நாளில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு மிட்டாய்கூடத் தொட்டால் கரைகிறதே, இரண்டும் ஒரே காரணமா?

பதில்: ஒரே காரணம்தான். நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இரண்டுமே உண்மையில் கண்ணாடிகள். பாகை 150 டிகிரி வரை கொதிக்கவிட்டுச் சட்டென்று ஆறவைத்தால், மூலக்கூறுகள் வரிசைகட்டிப் பரலாக நேரம் கிடைக்காமல் அப்படியே நின்றுவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடியும் இப்படித்தான், பொருள் வேறு. இந்தச் சர்க்கரைக் கண்ணாடிக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மேல்பரப்பு மறுபடியும் பாகாகிவிடும். பஞ்சு மிட்டாயில் இழைகள் மயிரைவிட மெல்லியவை, காற்று படும் பரப்பு மிக அதிகம், அதனால் நிமிடங்களில் சுருங்குகிறது.

பஞ்சு மிட்டாய் இயந்திரத்தை 1897இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உருவாக்கிய இருவரில் ஒருவர் வில்லியம் மாரிசன், பல் மருத்துவர். மற்றவர் ஜான் வார்ட்டன், மிட்டாய் செய்கிறவர். உருகிய சர்க்கரையைச் சுழற்றி நுண்ணிய துளைகள் வழியே வீசினால் காற்றிலேயே இறுகி இழையாகும் என்பதுதான் அவர்கள் கண்டது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பெட்டி பெட்டியாக விற்றார்கள்.

உங்கள் மிட்டாய்க்கு வருகிறேன். 150 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கவிடுங்கள், இரண்டு டிகிரி குறைந்தாலும் தண்ணீர் மிச்சமாகும். எலுமிச்சை அமிலத்தைக் கொதிக்கும்போது போடாமல் இறக்கிய பிறகு போடுங்கள். முன்பே போட்டால் பிரியும் ஃப்ரக்டோஸ் காற்றின் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். ஆறிய கையோடு ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள். மழை கொட்டும் நாளில் இந்த வேலையையே தொடாதீர்கள்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ‘சர்க்கரையை யார் கண்டுபிடித்தார்கள்?’ என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல வேண்டிய கதை பெரிது, அதை முழுதாகவே சொல்லுங்கள்.

கரும்பை முதலில் பயிராக்கியவர்கள் நியூகினி தீவு மக்கள், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அவர்கள் அதை மென்று சாறு குடித்தார்கள். சாற்றைக் காய்ச்சிப் பரலாக்கும் வித்தை வளர்ந்தது இந்தியாவில். அலெக்சாண்டரின் தளபதி நியார்க்கஸ் இங்கே வந்தபோது, தேனீ இல்லாமலே தேன் தரும் நாணலைப் பற்றி எழுதிவைத்தார். வடமொழியில் ‘சர்க்கரா’ என்றால் முதலில் பொடிக்கல், பரல் என்றுதான் பொருள். அந்தச் சொல்தான் அரபியில் சுக்கராகி, ஆங்கிலத்தில் சுகரானது. துண்டு என்று பொருள்படும் ‘கண்டம்’ பாரசீகம், அரபி, பிரெஞ்சு வழியாக நடந்து கேண்டியானது. நம் கற்கண்டும் அதன் உறவுதான். பரல், துண்டு என்ற இரண்டு பெயருமே சர்க்கரையைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்களாக எனக்குத் தோன்றும்.

இதற்குப் பிறகு வருவதைச் சொல்லத் தயங்காதீர்கள். 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கரும்பைக் கரீபியனுக்குக் கொண்டுபோனார். கரும்பை வெட்டியதும் சீக்கிரமே பிழிந்து காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெட்டுவிடும். அந்த இரவு பகல் வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்தார்கள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். கரை சேர்ந்தவர்களில் பெரும்பகுதி பிரேசிலிலும் கரீபியன் தீவுகளிலும் இறக்கப்பட்டார்கள், அங்கே முதன்மைப் பயிர் கரும்பு. 1791இல் பிரிட்டனில் பல்லாயிரம் குடும்பங்கள் இதைக் கண்டித்து அந்தச் சர்க்கரையை வாங்குவதையே நிறுத்தின. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை சட்டப்படி முடிந்ததும், அந்த இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். மொரீஷியஸுக்கு, 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, 1879 முதல் ஃபிஜிக்கு. அவர்களில் தமிழர்கள் பலர். ஒரு கப் சர்க்கரையை அளக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வருவதுண்டு. மகளுக்கும் தெரியட்டும்.

உங்கள் மகளுக்குச் சொல்ல நல்ல மனிதர் ஒருவரும் இருக்கிறார். நார்பர்ட் ரில்லியூ, 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தாய் கறுப்பின வம்சாவளி, தந்தை வெள்ளையர். அதுவரை கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரைகளில் காய்ச்சி, அடிமைகள் நீண்ட அகப்பையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். உடம்பு வெந்துபோகும் வேலை. ரில்லியூ காற்றழுத்தத்தைக் குறைத்த மூடிய கலன்களில் காய்ச்சினார். அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரை கருகாது. முதல் கலனில் எழும் ஆவியை வைத்தே அடுத்த கலனைச் சூடாக்கினார், விறகு மிச்சம். 1843இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஆலைகளில் அந்த முறையின் வழிவந்த கலன்கள்தான் ஓடுகின்றன.

சர்க்கரை பீட்ரூட் கதையும் உண்டு. பெர்லினில் மார்க்கிராஃப் 1747இல் கிழங்கிலிருந்து சர்க்கரைப் பரலைப் பிரித்துக் காட்டினார். அவர் மாணவர் அக்கார்ட் 1801இல் ஆலையே தொடங்கினார். இன்று உலகச் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கிழங்கிலிருந்து வருகிறது. சுத்திகரித்த பிறகு நாக்குக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: மெரிங் செய்தால் மேலே பழுப்பு நிறத்தில் பாகுச் சொட்டுகள் வியர்த்து நிற்கின்றன.

பதில்: சர்க்கரை முழுதாகக் கரையவில்லை. வெள்ளைக்கரு நுரைத்து மென்மையாக நிற்கத் தொடங்கிய பிறகு, பொடித்த சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு அடியுங்கள். ஒரு வெள்ளைக்கருவுக்கு 50 கிராம். விரலுக்கு நடுவே தேய்த்தால் நெறுநெறுப்பு தெரியவே கூடாது. ஓவன் சூடு அதிகமானாலும் இப்படி வியர்க்கும்.

கேள்வி: கேரமல் சாஸ் செய்யப் பயமாக இருக்கிறது. ஒன்று வெளிறிப் போகிறது, இல்லாவிட்டால் கசக்கிறது. நடுவே எங்கே நிறுத்துவது?

பதில்: பயம் கொஞ்சம் இருக்கட்டும். எனக்கு இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவு தழும்பு இருக்கிறது, கேரமல் தெறித்தது. வெந்நீர் வழிந்து போய்விடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், கை தவறினால் உடனே அதில் அமிழ்த்த. அப்புறம் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழந்தைகளை அந்த நேரம் சமையலறைக்குள் விடாதீர்கள்.

சர்க்கரைக்குப் பனிக்கட்டி மாதிரி ஒரு திட்டமான உருகுநிலை கிடையாது. உருகும்போதே சிதையவும் தொடங்கிவிடும், அந்தச் சிதைவுதான் கேரமலின் மணம். வெளிறிய நிறமுள்ள, அடி கனமான பாத்திரம் எடுங்கள், கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. 200 கிராம் சர்க்கரைக்கு 60 மில்லி தண்ணீர். 160 டிகிரியில் ஒரு ஓரம் மட்டும் வைக்கோல் நிறமாகும். கரண்டி வேண்டாம், பாத்திரத்தை மெல்லச் சுழற்றுங்கள். அடுத்து தேன் நிறம், மணம் பழம் மாதிரி இருக்கும். 170ஐத் தாண்டினால் செம்பு நிறம், குமிழிகள் சிறுத்து மேலே மெல்லிய நுரை கட்டும், முதல் புகை இழை எழும். அந்தப் புகையைப் பார்த்த கணத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, முன்பே வெதுவெதுப்பாக்கி வைத்த க்ரீமை ஓரமாக ஊற்றுங்கள். மூன்று மடங்கு பொங்கும், அதனால் பெரிய பாத்திரம். க்ரீமை ஊற்றாமல் அடுப்பை மட்டும் அணைத்தால் பாத்திரத்தின் சூட்டிலேயே கசப்புக்குப் போய்விடும். உங்கள் சாஸ் கசந்தது அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: பாகு அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துவிட்டது. என்ன போட்டுத் தேய்ப்பது?

பதில்: எதுவும் போட வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். பாத்திரம் நன்றாக ஆறட்டும். ஒட்டியிருக்கும் இடம் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். கரண்டிகளையும் தெர்மாமீட்டரையும் அதிலேயே சாய்த்து வையுங்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் கரைந்து பழுப்புத் தண்ணீராகிவிடும், கீழே ஊற்றிவிட்டுக் கழுவ வேண்டியதுதான்.